முதல் எலெக்ட்ரிக் கிதார்: பசிஃபிகாவா, சோனிக்கா?

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்துகொண்டு 20,000 ரூபாயை ஒட்டிய தொகைக்கு முதல் எலெக்ட்ரிக் கிதார் தேடினால், கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்போம்: யமஹா பசிஃபிகா 012, ஸ்குவயர் சோனிக் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இரண்டாவதில் 'ஹெச்.டி.' (HT) என்று பெயரோடு சேர்ந்து வரும் வகையை, அதாவது கம்பிகளை உடலோடு தாங்கிப் பிடிக்கும் பிரிட்ஜ் என்ற உலோகப் பகுதி அசையாத வகையை, என் அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுத்தோம். பசிஃபிகாவும் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் தெருவில் ஒருவரிடம் இரவல் வாங்கிய பசிஃபிகாவில்தான் அவன் விரல் பழகினான். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கேட்ட பிறகு எழுதுகிறேன். என் சாய்வு சோனிக் பக்கம்தான். அதை ஒளித்துவைக்கப் போவதில்லை.

தோற்றத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாயல் இரண்டிலும் உண்டு. ஸ்குவயர் என்பது அதே ஃபெண்டர் நிறுவனம் விலை குறைந்த கிதார்களுக்கு வைத்திருக்கும் பெயர். யமஹாவின் பசிஃபிகா வரிசை 1990இல் தொடங்கியது. கம்பி அதிரும் நீளம் இரண்டிலும் 648 மி.மீ. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகள் பசிஃபிகாவில் 22, சோனிக்கில் 21. கற்கத் தொடங்கும் ஒருவர் முதல் வருடத்தில் அந்த 22ஆவது ஃபிரெட்டைத் தேடிப் போகப்போவதில்லை. விலை கடைக்குக் கடை மாறுகிறது. ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்துக்காக முடிவை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இவற்றின் பாதி விலைக்கு ஆம்ப், கேபிள், பை, பெல்ட் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் தரும் பெயர் தெரியாத கிதார்களும் உண்டு. அவற்றை விட்டுவிடலாம். பையன் ஆறு மாதத்தில் ஆர்வம் இழந்துவிட்டால் யமஹாவையோ ஸ்குவயரையோ ஓரளவு நல்ல விலைக்கு விற்றுவிட முடியும். பெயர் தெரியாததை விலைக்குக் கேட்க ஆள் வரமாட்டார்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது பிரிட்ஜ்தான். கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்குகிறவரின் கண் நிறத்திலும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளின் எண்ணிக்கையிலும் நின்றுவிடுகிறது.

பசிஃபிகா 012இல் இருப்பது ட்ரெமலோ பிரிட்ஜ். ஆறு திருகுகளை அச்சாகக் கொண்டு அந்த உலோகத் தகடு முன்னும் பின்னும் சாயும். அதில் ஒரு கைப்பிடியைச் செருகி அழுத்தினால் சுருதி நெளிந்து இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். கேட்க அழகாகத்தான் இருக்கும். இதன் சூட்சுமம் கிதாரின் முதுகில் இருக்கிறது. அங்கே ஒரு குழிக்குள் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. வடம் இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலத்தில் நிற்பதுபோல நிற்கிறது பிரிட்ஜ். ஆரம்பநிலையினர் பலர் பயன்படுத்தும் 9 என்ற அளவுக் கம்பிகளை (மெல்லிய முதல் கம்பியின் தடிமன் 0.009 அங்குலம்) பொதுவான சுருதிக்கு ஏற்றினால் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 38 கிலோ. சற்றுத் தடித்த 10 அளவுக் கம்பிகளாக இருந்தால் சுமார் 46 கிலோ.

சமநிலை என்றாலே ஒரு பக்கத்தைத் தொட்டால் எல்லாம் நகரும். தளர்ந்திருக்கும் ஆறாவது கம்பியை முறுக்கி ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது. சரியாக இருந்த மற்ற ஐந்தும் இறங்கிவிடுகின்றன. ஐந்தையும் ஏற்றிவிட்டு வந்தால் ஆறாவது மறுபடி இறங்கியிருக்கும். இப்படி மூன்று நான்கு சுற்று போனால்தான் படியும். பழகியவருக்கு இது பழக்கம். சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதே காதில் விழாத புதியவருக்கு இது பெரும் குழப்பம். "மாமா, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கலைந்துவிடுகிறது. இது கிதாரின் குறையா, என் குறையா?" என்று அக்கா மகன் கேட்டான். முதல் மாதத்தில் ஒரு பையன் தன்மீதே சந்தேகப்படும்படி ஒரு கருவி இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

கம்பி அறுந்தால் தொல்லை இன்னும் கூடும். மெல்லிய முதல் கம்பி போனதும் ஸ்பிரிங்கின் கை ஓங்கி, மிச்சமிருக்கும் ஐந்தும் மேலே ஏறிவிடுகின்றன. புதுக் கம்பி வரும்வரை வாசிப்பு நிற்கும். சோனிக் ஹெச்.டி.யில் பிரிட்ஜ் மரத்தோடு திருகி இறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தில் பாடத்தைத் தொடரலாம். 9இலிருந்து 10க்கு மாறினாலும் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைச் சிறிது திருப்பினால் பெரும்பாலும் போதும். ட்ரெமலோவில் அதே மாற்றத்தைச் செய்தால் கூடுதலாக வரும் 8 கிலோ பிரிட்ஜைத் தூக்கிவிடும், கம்பிகள் விரல்பலகையை விட்டு உயரும். பிறகு ஸ்பிரிங்கை இறுக்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் இருந்தால் கவலையில்லை. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு எளிது. நாங்கள் உக்கடம் பஸ்ஸைப் பிடித்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய் வாங்க வேண்டும். உடுமலை, தாராபுரம், கோபி பக்கம் இருப்பவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூடுதல். எங்கள் ஊரின் பருவமும் சும்மா இருப்பதில்லை. மாசி, பங்குனியில் காற்று காய்ந்து மரம் சுருங்குகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்து அதே மரத்தை ஊற வைக்கின்றன. எந்தக் கிதாராக இருந்தாலும் கழுத்து சிறிது வளையும், நிமிரும். அசையாத பிரிட்ஜ் உள்ள கிதாரில் பார்க்க வேண்டியது அந்தக் கழுத்து ஒன்றுதான். ட்ரெமலோவில் கழுத்தையும் பார்க்க வேண்டும், பிரிட்ஜையும் பார்க்க வேண்டும்.

பசிஃபிகாவுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லைக்கு வழி இருக்கிறது. முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கியும் அதன் இரண்டு திருகுகளும் தெரியும். அந்தத் திருகுகளை இறுக்கினால், அல்லது கூடுதல் ஸ்பிரிங் மாட்டினால், பிரிட்ஜ் மரத்தின்மேல் படிந்து உட்கார்ந்துவிடும். ஐந்து ஸ்பிரிங் மாட்ட இடம் உண்டு. அதன்பின் ஒரு கம்பியை முறுக்கினால் மற்றவை கலைவதில்லை, ஒன்று அறுந்தாலும் மற்றவை ஏறுவதில்லை. படிந்த பிறகு கம்பிகளின் உயரம் சிறிது இறங்கும். சிறிய ஆலன் சாவியால் ஒவ்வொன்றையும் திரும்ப உயர்த்த வேண்டும். நட்சத்திரத் திருப்புளி பிடித்துப் பழகிய ஒருவருக்கு அரைமணி நேர வேலை. இதைச் செய்துதர வீட்டில் ஆள் இருந்தால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகிறது. புதிதாகக் காசு கொடுத்து வாங்கிய பொருளின் முதுகைத் திறக்க எத்தனை பெற்றோர் துணிவார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயத்தில் பசிஃபிகா தெளிவாகவே முந்துகிறது: இரைச்சல். நான் சொல்லும் சோனிக்கில் மூன்று பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் வகை. அவை கம்பியின் அதிர்வோடு சுற்றியிருக்கும் மின்சாரத்தின் முனகலையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் மின்னணு ரெகுலேட்டரில் விசிறியை மெதுவாக ஓடவிட்டால் ஆம்பில் 'ர்ர்ர்' என்று கேட்கிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் குறைகிறது. கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்தால் இன்னும் குறைகிறது. பசிஃபிகாவில் பிரிட்ஜ் பக்கம் இருப்பது ஹம்பக்கர். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, இருவழியிலும் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்த பிக்கப் அது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டி வீடு இருந்தால், அல்லது பையனுக்கு ராக், மெட்டல் போன்ற கனத்த ஒலியில்தான் ஆசை என்றால், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோனிக்கிலேயே ஒரே ஒரு ஹம்பக்கர் மட்டும் வைத்த ஹெச்.டி. வகையும் உண்டு. எந்தக் கிதாராக இருந்தாலும் ஆம்பை எர்த் சரியாக உள்ள மூன்று முள் பிளக்கில்தான் செருக வேண்டும். கிதாரின் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன.

அசையாத பிரிட்ஜும் ஹம்பக்கரும் ஒன்றாக வேண்டும் என்கிறவர்களுக்கு ஐபனீஸின் ஜி.ஆர்.ஜி. 131 டி.எக்ஸ். இருக்கிறது. 24 ஃபிரெட், கழுத்து மெலிது. அதைக் கடையில் கொஞ்ச நேரம் மட்டுமே வாசித்தேன். கைக்கு இதமாக இருந்தது. ஒரு ஆடி தாண்டிய பிறகு அந்தக் கழுத்து எப்படி இருக்கும் என்பதை அதை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு என்றால் சோனிக் மஸ்டாங்கைப் பாருங்கள். கம்பி நீளம் 610 மி.மீ. என்பதால் சிறிய விரல்களுக்கு எட்டும். அதிலும் பிரிட்ஜ் அசையாது. கம்பிகளை இரு முனையிலும் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் ட்ரெமலோ இருப்பதை முதல் கிதாராக யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆம்புக்கு 10 வாட் தாராளம். ஹெட்ஃபோன் துளை இருக்க வேண்டும். பரீட்சை நேரத்தில் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கடையில் நிற்கும்போது கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் ஃபிரெட்டின் முனைகள் ரம்பம்போலக் கீறும். 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ட்யூனர் என்ற சுருதி காட்டும் கருவியில் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். விலகினால் அங்கேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். சோனிக் என்று மட்டும் கேட்டால் ட்ரெமலோ உள்ளதை எடுத்து நீட்டிவிடுவார்கள். முன்பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். திருப்பி முதுகைப் பாருங்கள். அங்கே ஸ்பிரிங் குழியை மூடிய பிளாஸ்டிக் தகடு இருந்தால் அது ஹெச்.டி. இல்லை.