சோதித்த பிறகு விலை சொல்லும் பேட்டரி கடை

திருச்சி தில்லைநகர் பக்கம் இருக்கும் சின்னக் கடை. போர்டைத் தேட வேண்டாம், வாசலில் அடுக்கியிருக்கும் பழைய பேட்டரிகளே அடையாளம். என் வேகன்-ஆர் காலையில் செல்ஃப் எடுக்கத் திணறியதும் முதலில் வேறொரு இடத்துக்குத்தான் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே "புதுசு போட்டுடுங்க மேடம்" என்றார்கள். இந்தக் கடைத் தம்பியோ, "மாத்தணுமான்னு முதல்ல பாத்துடலாம்க்கா" என்று வீட்டுக்கே வந்துவிட்டார்.

மீட்டரில் 12.3 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 12.6 இருக்கும் என்பதால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். அவர் அதோடு விடவில்லை. சாவியைத் திருகச் சொன்னார்; 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது, நல்ல பேட்டரி அவ்வளவு இறங்காது. வண்டி ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பார்த்தார்: 14.1 வோல்ட். அது சரியாக இருக்கிறது, பேட்டரிதான் போயிருக்கிறது. ஆல்டர்னேட்டர் பழுதாகியிருந்தால் புது பேட்டரியும் இறங்கிப்போயிருக்கும், காசு தண்டம்.

எக்ஸைடு, அமரான் இரண்டும் வைத்திருக்கிறார்கள். ஏ.ஹெச். (பேட்டரியின் கொள்ளளவு) அதிகமுள்ள பெரியதாகப் போடலாமா என்று கேட்டேன். "35 ஏ.ஹெச். போதும்க்கா, பெருசு ட்ரேல உக்காராது" என்றார். பழையதற்கு 700 ரூபாய் கழித்து 4,150, ஜி.எஸ்.டி. பில்லோடு. ஆன்லைனில் வாங்குபவர்கள் 38பி20எல் என்ற பேட்டரி மாடல் குறியீட்டில் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) எந்தப் பக்கம் என்பதை அதுதான் சொல்லும். மாறினால் ஒயர் எட்டாது.

வேலை சுத்தம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். மைனஸ் ஒயர் வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் பிளஸ்ஸில் கை வைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும் என்பதால், பக்கத்தில் பீடியோடு நின்ற எங்கள் வாட்ச்மேன் அண்ணனைத் தள்ளிப் போகச் சொன்னார்.

குறையும் உண்டு. வாரண்டி கார்டில் சீரியல் நம்பர் எழுதாமல் நீட்டினார், கேட்டுத்தான் எழுத வைத்தேன். 48 மாதம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இலவசமாக மாற்றித் தருவது முதல் 24 மாதத்துக்குத்தான், அப்புறம் விலையில் கழிவு மட்டுமே. இதையும் அவராகச் சொல்லவில்லை. டெர்மினலில் வாஸ்லின் தடவ நான் சொன்னதும் தடவிவிட்டார்.

ஞாயிறு கடை கிடையாது. ஜிபே வாங்குகிறார்கள், கார்டு மிஷின் இல்லை.