வீல்சேருக்கு சஸ்பென்ஷன் சக்கரம்: வளையமா, பிஸ்டனா, நார் ஸ்போக்ஸா?

நடைபாதையில் பதிக்கும் சாதாரண பேவர் பிளாக் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நிதானமான நடை வேகத்தில், வீல்சேர் அதன் நீளவாட்டில் போனால் நொடிக்கு 5 தட்டு விழும். குறுக்குவாட்டில் போனால் 10. உட்கார்ந்திருக்கும் உடம்பு மேலும் கீழுமான அதிர்வை மிக அதிகமாக வாங்கிக்கொள்வது ஏறக்குறைய 4 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 4 முதல் 12 தடவைக்குள்தான். கல்லின் அளவும் நடை வேகமும் சேர்ந்து சரியாக அந்த இடத்தில் போய் உட்காருகின்றன. முதுகுவலி, தசை இறுக்கம் உள்ளவர்கள் தார் ரோட்டில் நிம்மதியாகப் போய்விட்டுப் பேவர் ரோட்டில் துடித்துப்போவது இதனால்தான்.

இது அதிர்வு. நடைபாதை விளிம்பிலிருந்து ‘தொப்’பென்று இறங்குவது வேறு வகை, அது குலுக்கல். 5 செ.மீ. உயரத்திலிருந்து விழும் நாற்காலி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இருக்கும். டயரும் மெத்தையும் சேர்ந்து அரை செ.மீ. தூரத்தில் அதை நிறுத்தினால் உடம்பு தாங்குவது சராசரி 10 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு. இரண்டு செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் இரண்டரை ஜிதான். சஸ்பென்ஷன் சக்கரம் விற்பது இந்த ஒன்றரை செ.மீ. தூரத்தைத்தான். உங்களை வாட்டுவது அதிர்வா, குலுக்கலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

வளைய ஸ்பிரிங் சக்கரம்

இங்கிலாந்தில் சாம் பியர்ஸ் வடிவமைத்த லூப்வீல்ஸ் இதில் பெயர்பெற்றது. முதலில் சைக்கிளுக்காக வந்தது, பிறகு வீல்சேருக்கு மாறியது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்போக்ஸ் கிடையாது. கார்பன் கலவையில் செய்த மூன்று வளையங்கள்தான் ஹப்பைத் தாங்குகின்றன. மேடு வந்தால் வளையம் அமுங்கும், ஹப் நடுவிலிருந்து சற்று விலகித் திரும்பும்.

சைக்கிளில் செயின் ஹப்பைச் சுழற்றுவதால் ஸ்பிரிங் முறுக்கும் வாங்க வேண்டும். வீல்சேரில் கையால் தள்ளும் வளையம் ரிம்மிலேயே பூட்டப்பட்டிருப்பதால் அந்த முறுக்கு ஸ்பிரிங்குக்குப் போவதில்லை. இந்த ஏற்பாடு சைக்கிளைவிட வீல்சேருக்குத்தான் பொருத்தம் என்பேன். குலுக்கலையும் குறைக்கும், அதிர்வையும் ஓரளவு குறைக்கும்.

கூடவே சில தொல்லைகளும் உண்டு. நீங்கள் ஏறி உட்கார்ந்தவுடனேயே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். காலி நாற்காலியில் ஆக்சில் நடுவிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளந்துவிட்டு, உட்கார்ந்த பின் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 8 மி.மீ. என்று வையுங்கள்: நாற்காலி பின்பக்கமாக ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிட்டது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மல்லாந்து விழாமல் சமநிலை பிடித்து வைத்திருப்பவருக்கு அந்த ஒரு டிகிரி நன்றாகத் தெரியும். சக்கர அச்சைப் பூட்டும் துளைத் தகடான ஆக்சில் பிளேட்டில் சக்கரத்தை ஒரு துளை கீழே இறக்கினால் இருக்கை பழைய உயரத்துக்கு வரும். பின்விழுகாப்புச் சக்கரத்தின் உயரத்தையும் அப்போதே சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது பிரேக். டயரை அழுத்திப் பிடிக்கும் பிரேக்கைக் காலி நாற்காலியில் வைத்துச் சரிசெய்தால், ஆள் உட்கார்ந்ததும் டயருக்கும் பிரேக்குக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். உட்கார்ந்த நிலையில் சரிசெய்து, இறங்கிய பிறகும் பிடிக்கிறதா என்று பாருங்கள். கட்டிலுக்கு மாறும் நேரத்தில் எடை பாதி ஏறிப் பாதி இறங்கியிருக்கும், பிரேக் ஏமாற்றுவது அப்போதுதான்.

ஸ்பிரிங் ஆளின் எடைக்கேற்ற கடினத்தில் வரும். உடம்பு எடையோடு பின்னால் தொங்கும் பையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடினம் கூடினால் காசு கொடுத்து சாதாரண சக்கரம் வாங்கிய கதைதான். குறைந்தால் ஒவ்வொரு தள்ளுக்கும் உடம்பு முன்னே சாய்கையில் நாற்காலி ஊசலாடும். சக்கரத்தின் எடையும் கூடும். நீங்களே கழற்றிக் கார் சீட்டில் தூக்கிப் போடுபவரென்றால் வாங்குமுன் ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பிஸ்டன் சக்கரம்

இஸ்ரேலில் உருவான சாஃப்ட்வீல் இந்த வகை. அதன் வீல்சேர் சக்கரத்துக்கு அக்ரோபேட் என்று பெயர். ஹப்பையும் ரிம்மையும் மூன்று அமுக்கக் குழாய்கள், அதாவது பிஸ்டன்கள், இணைக்கின்றன. சமதரையில் அவை அசையாமல் விறைத்து நிற்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி விழுந்தால்தான் வழிவிடும். ஆகவே தள்ளும்போது ஊசலாட்டம் இல்லை, உட்கார்ந்ததும் அமுங்குவதும் இல்லை. யோசனை அருமைதான். ஆனால் அந்த வரம்பு இருப்பதாலேயே பேவர் பிளாக்கின் சின்னச் சின்னத் தட்டுகள் பெரும்பாலும் அதை எழுப்புவதில்லை. குழாய், சீல், இணைப்பு என்று அசையும் உறுப்புகளும் அதிகம். புழுதியும் மழைச் சேறும் உள்ள ஊரில், பக்கத்தில் சர்வீஸ் இல்லாமல், இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நார் ஸ்போக்ஸ்

அமெரிக்காவின் ஸ்பினர்ஜி சக்கரங்களில் எஃகுக் கம்பிக்குப் பதில் பிபிஓ என்ற செயற்கை நார்க் கற்றை ஸ்போக்ஸாக இருக்கும். இதை சஸ்பென்ஷன் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். ஸ்போக்ஸ் போட்ட சக்கரம் எதுவானாலும் மேலிருந்து வரும் எடைக்கு ஏறக்குறைய அசையாது. நார் செய்வது மெல்லிய ரீங்கார அதிர்வை மட்டுப்படுத்துவது. விளிம்பிலிருந்து விழும் அடிக்கு அதனிடம் பதில் இல்லை. இதன் உண்மையான பலம் எடை குறைவு. நாளெல்லாம் தள்ளும் தோளுக்கு அது பெரிய லாபம். எஃகு ஸ்போக்ஸ் என்றால் தெருமுனை சைக்கிள் கடையிலேயே கோட்டம் எடுத்துவிடலாம். நார் அறுந்தால் உதிரிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஸ்போக்ஸை முதலிலேயே சேர்த்து வாங்கி வையுங்கள்.

முன்சக்கரத்தை மறக்கிறோம்

குழியில் முதலில் விழுவது காஸ்டர், அதாவது முன்னால் சுழலும் சின்னச் சக்கரம். பின்னால் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் இருந்தாலும், 4 இஞ்ச் காஸ்டர் பள்ளத்தில் மாட்டினால் நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்னே போய்விடுவார். எனவே எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். குளியலறை எடைக்கருவி மேல் இரண்டு காஸ்டரையும் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, உட்கார்ந்து அளவெடுங்கள். மொத்த எடையில் 40 சதவீதத்துக்கு மேல் காஸ்டரில் இருந்தால் சஸ்பென்ஷன் சக்கரத்துக்குக் காசு போடும் நேரம் இன்னும் வரவில்லை. ஆக்சிலை முன்னே நகர்த்துவது, காஸ்டரை 5 அல்லது 6 இஞ்சாக மாற்றுவது, ஃப்ராக் லெக்ஸ் போல ரப்பர்த்தன்மையுள்ள பாலிமர் வைத்த ஃபோர்க் (காஸ்டரைத் தாங்கும் கவை) போடுவது, இவைதான் முதல் வேலை. பெரிய காஸ்டர் சுழலும்போது பாதப்பலகையில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபோர்க் மாற்றினால், ஆள் உட்கார்ந்த நிலையில் காஸ்டரின் தண்டு தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் வேகம் பிடித்ததும் காஸ்டர் கடகடவென்று உதறும்.

விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தால் இறங்கத் தெரிந்தவருக்குக் கணக்கு நேர்மாறு. அடி முழுவதும் பின்னால்தான் விழுகிறது, வளைய ஸ்பிரிங் தன் விலைக்கு வேலை செய்வது அவரிடம்தான்.

டயர்

எல்லாவற்றிலும் மலிவான சஸ்பென்ஷன் காற்றுதான். பெரும்பாலான 24 இஞ்ச் வீல்சேர் ரிம்மின் அளவு 540, அதாவது டயர் உட்காரும் இடத்தின் விட்டம் மி.மீ.யில். அதில் 25-540 (முதல் எண் டயரின் அகலம்) என்ற மெல்லிய டயரும் வரும், 37-540 என்ற தடித்த டயரும் வரும். மெல்லியதை 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி ஓட்டுபவர், தடித்ததைக் குறைந்த அழுத்தத்தில் போட்டாலே பேவர் தொல்லை பாதி அடங்கும். அழுத்தத்தின் உச்சவரம்பு டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும். பஞ்சருக்குப் பயந்து கெட்டி ரப்பர் டயர் போட்டவர் அதன் மேல் சஸ்பென்ஷன் சக்கரம் கேட்பது, கூரையில் ஓட்டையை விட்டுவிட்டுப் பாத்திரம் வைப்பது போல. இன்னொரு குழப்பம்: வீல்சேரில் 25 இஞ்ச் என்பது 559 ரிம். மலை சைக்கிளில் அதையே 26 என்பார்கள். வீல்சேரின் 26 என்பது 590. இஞ்சை நம்பி ஆர்டர் போட்டால் டயர் திரும்பிப் போகும்.

பொருந்துமா?

இந்தச் சக்கரங்கள் எல்லாம் பொத்தானை அழுத்திக் கழற்றும் குவிக் ரிலீஸ் ஆக்சிலுக்கானவை, பெரும்பாலும் அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. நட்டு போட்டு முறுக்கிய மருத்துவமனை வகை மடக்கு நாற்காலியில் நேரடியாக ஏறாது. ஆடை சக்கரத்தில் படாமல் காக்கும் பக்கத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி வேண்டும், ஹப் விலகும்போது டயர் உரசும். ஹப் அகலமானால் நாற்காலியின் மொத்த அகலமும் கூடும். குளியலறைக் கதவில் ஒரு செ.மீ.தான் மிச்சம் என்றால் இதை அளக்காமல் வாங்கக் கூடாது. துணையாள் பிடிக்கும் டிரம் பிரேக் ஹப்பில் இருந்தால், அதோடு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோதித்துப் பார்க்கக் கிடைத்தால் பழைய சக்கரம், புதிய சக்கரம் இரண்டிலும் ஒரே டயர், ஒரே அழுத்தம் இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது டயரைத்தான். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போனில் போட்டு, இருக்கைக்கு அடியில் ஃப்ரேமோடு இறுக்கிக் கட்டி, ஈர்ப்பு நீக்கிய முடுக்கத்தைப் பதிவுசெய்யுங்கள். பேவர் ரோட்டில் 10 மீட்டர், பிறகு 5 செ.மீ. இறக்கம், ஒவ்வொன்றும் மூன்று தடவை, ஒரே வேகத்தில். இறக்கத்தில் உச்ச அளவையும், பேவரில் வரைபடக் கோடு மேலும் கீழும் எவ்வளவு தடிமனாகப் பரவுகிறது என்பதையும் பாருங்கள். இறக்கத்தில் மட்டும் குறைந்து பேவரில் அப்படியே இருந்தால், சக்கரத்தை வைத்துக்கொண்டு டயரை மாற்றுங்கள்.