டர்ன்கீ காண்ட்ராக்டில் 7 லட்சத்து 40 ஆயிரம் போய்விட்டது. வீடு கட்டப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

நேற்று மாலை ஓர் இன்ஜினியரை அழைத்துப் போய், பாதியில் நிற்கும் எங்கள் வீட்டை அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் டேப்பும் கையுமாகச் சுற்றிவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இதுவரை நடந்திருக்கும் வேலையின் மதிப்பு 19 லட்சத்து 80 ஆயிரம். நான் கொடுத்திருக்கும் பணம் 27 லட்சத்து 20 ஆயிரம். இடையில் இருக்கிற 7 லட்சத்து 40 ஆயிரம் அந்த வீட்டுச் சுவரிலும் இல்லை, தரையிலும் இல்லை. காண்ட்ராக்டர் என் போனை எடுத்து 23 நாள் ஆகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வீடு கட்ட முடிவு செய்தபோது எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஸ்ட்ரக்சர் மட்டும் ஒருவரிடம் கொடுப்பது. அடித்தளம், தூண், பீம், கூரைத் தளம், செங்கல் சுவர், அதோடு அவர் கணக்கு முடிந்துவிடும். பூச்சு, வயரிங், குழாய், டைல்ஸ், கதவு, பெயின்ட் எல்லாம் நாமே ஆள் பிடித்துச் செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று டர்ன்கீ. மண் தோண்டுவதில் தொடங்கி சாவி கொடுப்பது வரை எல்லாம் ஒரே ஆள். என் அண்ணன் முதல் வழியைத்தான் சொன்னான். "தளம் போட்டு சுவர் எழும்பினதும் அவன் கணக்கை முடிச்சு அனுப்பிடு. அப்புறம் கையில காசு இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணா பண்ணிக்கலாம்" என்றான். எனக்கும் கணவருக்கும் வேலைக்குப் போய் வரவே நேரம் சரியாக இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பின்னாலும் டைல்ஸ்காரர் பின்னாலும் யார் அலைவது? டர்ன்கீயே போதும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான்.

ஆளைத் தேடியது, வீடு கட்டுபவர்களையும் காண்ட்ராக்டர்களையும் சேர்த்துவைக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று இருந்தது. நல்ல நட்சத்திரங்கள். போன் செய்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

நான் நம்பிய அந்த நிமிஷத்தை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தான் முடித்துக் கொடுத்த வீடு என்று ஒன்றைக் காட்ட எங்களை அழைத்துப் போனார். வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது என்றார். கண்ணுக்குக் குளிர்ச்சியான தரை, இழுத்தால் சத்தமே வராத ஜன்னல். பாத்ரூமுக்குள் கூட்டிப்போய், ஒரு மக் தண்ணீரை மூலையில் ஊற்றினார். தண்ணீர் நேராக ஓடிப்போய்ச் சல்லடைக்குள் இறங்கியது. "பாருங்க அக்கா, ஒரு சொட்டு நிக்குதா? வாட்டம் சரியா இல்லேன்னா நானே டைல்ஸைப் பேத்து மறுபடி போடுவேன். என் பேரு கெடக் கூடாது" என்றார். அந்த ஒரு மக் தண்ணீரில் நான் விழுந்துவிட்டேன். அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்தோம்.

மொத்த ஒப்பந்தம் 32 லட்சம். பணம் கொடுக்க வேண்டிய கட்டங்கள் இப்படி எழுதப்பட்டிருந்தன: கையெழுத்துப் போடும்போது 10 சதவீதம், அடித்தளம் முடிந்ததும் 20, தூண் எழும்பி லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை) வந்ததும் 20, கூரை கான்கிரீட் போட்டதும் 25, பூச்சு முடிந்ததும் 10, டைல்ஸ், கதவு, வயரிங், பாத்ரூம் சாமான் எல்லாம் பொருத்தியதும் 10, பெயின்ட் அடித்து சாவி தரும்போது 5. படிக்கும்போது இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வேலை நடக்க நடக்கத்தானே கொடுக்கிறோம் என்று இருந்தது.

இப்போது அந்தத் தாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். கூரை போட்டு முடிக்கும்போதே முக்கால் பங்கு பணம் போய்விடுகிறது. பூச்சோடு சேர்த்து 85 சதவீதம். வீட்டில் ஒரு டைல் இல்லை, ஒரு கதவு இல்லை, ஒரு சுவிட்ச் இல்லை. அவர் செய்ய வேண்டிய மீதி வேலையின் மதிப்பு 12 லட்சத்து 20 ஆயிரம். என்னிடமிருந்து அவருக்கு இனி வர வேண்டியதோ வெறும் 4 லட்சத்து 80 ஆயிரம். திரும்பி வந்து வேலை செய்தால் அவருக்கு நஷ்டம், வராமல் இருந்தால் லாபம். அந்த வித்தியாசம்தான் என் 7 லட்சத்து 40 ஆயிரம். டர்ன்கீ என்று பெயர் வைத்து, ஸ்ட்ரக்சர் வேலைக்கே பெரும்பணத்தை வாங்கிக்கொண்டு போகும் வழியை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்ட்ரக்சர் வேலையை அவர் நன்றாகவே செய்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பி கட்டியதும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, 14 நாள் காயவிடாமல் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு தவணையையும் கேட்ட அன்றே அனுப்பினோம்.

பூச்சுப் பணம் கைக்குப் போன அடுத்த வாரம் பேச்சு மாறியது. டைல்ஸ் மாதிரி என்று நான்கு துண்டு கொண்டுவந்தார். காட்டிய வீட்டில் பார்த்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேட்டால் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "நல்ல தரமான டைல்ஸ், குழாய், சுவிட்ச் அல்லது அவற்றுக்கு இணையானவை" என்று இருந்தது. கம்பெனி பெயர் இல்லை, அளவு இல்லை, ஒரு சதுர அடி டைலுக்கு எவ்வளவு வரை என்ற தொகை இல்லை. எதைக் கொண்டுவந்து போட்டாலும் "இணையானது" என்று சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்த மாதிரி வேண்டுமென்றால் கூடுதலாக 4 லட்சத்து 50 ஆயிரம் ஆகும் என்றார். முடியாது என்றோம். மறுநாளிலிருந்து வேலைக்கு ஆள் வரவில்லை.

முதல் வாரம், மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரம், டைல்ஸ் போடுகிறவருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் "திங்கட்கிழமை கண்டிப்பா ஆள் இறங்கும் அக்கா". எத்தனை திங்கட்கிழமை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து அந்தச் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒரு மெசேஜ் வந்தது: "நாளைக்கு". அதுதான் கடைசி. இப்போது மெசேஜ் போனால் படித்ததற்கான நீலக் குறிகூட வருவதில்லை.

ஆன்லைன் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். ஒரு எண் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல். போன் செய்தபோது பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார்: "மேடம், நாங்க அறிமுகம் மட்டும்தான் செஞ்சு தர்றோம். ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் நடுவுல." அப்படியானால் சரிபார்க்கப்பட்டவர் என்று எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய போன் எண்ணையும் அடையாள அட்டையையும் என்றார். அவ்வளவுதான். நான் எழுதிய விமர்சனம் பரிசீலனையில் இருப்பதாக இன்னும் காட்டுகிறது. அவருடைய நட்சத்திரங்கள் குறையவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டிய வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினோம். வீட்டுக்காரர் உள்ளே உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர்கிட்ட நாங்க ஸ்ட்ரக்சர் மட்டும்தாம்மா கொடுத்தோம். டைல்ஸ், பாத்ரூம், ஜன்னல் எல்லாம் நாங்களே வேற ஆள் வெச்சுப் பண்ணினது." காண்ட்ராக்டர் தண்ணீர் ஊற்றி வாட்டம் காட்டிய பாத்ரூம் அவர் கையே படாத பாத்ரூம். ஒரே ஒரு தடவை முன்பே அந்த வீட்டு மனிதரிடம் பேசியிருந்தால் 7 லட்சத்து 40 ஆயிரம் என் கையில் இருந்திருக்கும்.

பணத்தோடு முடியவில்லை. இன்ஜினியர் பாத்ரூம் பக்கம் போய்ச் சுவரையும் தரையையும் தட்டிப் பார்த்தார். தரையை ஓர் அடி பள்ளமாக இறக்கிப் போட்ட இடத்தில் நீர்க்கசிவுத் தடுப்பு எதுவும் பூசாமல் செங்கல் உடைசலைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். அதையெல்லாம் அள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். குழாய்க்குச் சுவரை வெட்டிப் பூசியும் விட்டார்கள். அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்களா என்பதற்கு ஒரு படம் கூட இல்லை. இதற்கு ஆகும் செலவு அந்த 7 லட்சத்து 40 ஆயிரத்தில் சேரவில்லை.

எது நல்லது, ஸ்ட்ரக்சர் மட்டுமா டர்ன்கீயா என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலது. டர்ன்கீ என்றால், எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும் மீதி வேலையின் மதிப்புக்குக் குறையாத பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தவணைகளைக் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "இணையான" என்ற சொல்லை அடித்துவிட்டு, பெயர், அளவு, தொகை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஸ்ட்ரக்சர் மட்டும் என்று போனால், தளத்துக்குள் போகும் வயரிங் பைப், பாத்ரூம் பள்ளம், சுவரில் குழாய்க்கு விடும் துளை இதெல்லாம் யார் பொறுப்பு என்று கான்கிரீட் போடும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் எலக்ட்ரீஷியன் அன்று அங்கே நிற்க வேண்டும். பாத்ரூமில் டைல்ஸ் போடும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். காட்டும் வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவரிடமே பேசுங்கள், காண்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாதபோது.

பணம் அனுப்பிய ரசீதுகளையும் மெசேஜ்களையும் அச்செடுக்கக் கணவர் போயிருக்கிறார். பத்து மணிக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும். இதே மாதிரி மாட்டிக்கொண்டு பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எங்கே புகார் கொடுத்தீர்கள், என்ன ஆவணம் கேட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.