பத்திரிகை அட்டைக்கு ஃபோட்டோஷாப்பா, கிம்ப்பா?

எங்கள் காலாண்டிதழுக்கு அட்டை போடுகிற வேலை என்னிடம் வந்து ஏழு இதழ் ஆகிறது. இரண்டுமே படம் திருத்தும் மென்பொருள்கள்; முதல் நான்கை கிம்ப்பில் செய்தேன், அடுத்த மூன்றை ஃபோட்டோஷாப்பில். அச்சுக்குப் போகிற அட்டை என்றால் ஃபோட்டோஷாப்தான் என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

கிம்ப் இலவசம், மற்றது 2013 முதல் சந்தா, இது எல்லோருக்கும் தெரியும். ஆளை வெட்டி எடுப்பது, நிறம் திருத்துவது, லேயர், மாஸ்க் எல்லாம் இரண்டிலும் முடியும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-இல், போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. யூனிகோடு தமிழும் அதில் எந்த செட்டிங்கையும் தொடாமல் ஒழுங்காக வரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலோ கொம்பு இடம்மாறி நிற்கும், டைப் செட்டிங்கில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை மாற்றினால்தான் சரியாகும்.

அப்புறம் ஏன் மாறினேன்? கறுப்பு எழுத்து.

நான்காவது இதழின் அட்டையில், வெள்ளைப் பட்டை ஒன்றில் 7 பாயின்ட்டில் சந்தா விவரம் வைத்திருந்தேன். அச்சாகி வந்த பிரதியில் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய சிவப்பு நிழல். 'ணை'யின் சுழிகள் அடைத்துப்போய் வெறும் பொட்டாகத் தெரிந்தன. காரணம் எளிது. கிம்ப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில்தான் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற திரை நிறங்கள்) வேலை செய்கிறது, எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள்) ஆகிறது. அப்படி மாறும்போது கறுப்பு தனிக் கறுப்பாக இருக்காது, நான்கு மையும் கலந்துவிடும். எந்த நிறத்துக்கு எந்த மை எவ்வளவு என்று சொல்லும் புரொஃபைல்களில் ஒன்றான அமெரிக்க ஸ்வாப்பில் ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று வரும், ஆக மொத்தம் 300 சதவீதம். பெரிய தலைப்புக்கு இது கெடுதல் இல்லை. சின்ன எழுத்தில், மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சு பிளேட்டும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகினால்கூடக் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஆஃப்செட்டில் அந்த விலகலைத் தவிர்க்கவும் முடியாது.

ஃபோட்டோஷாப்பில் படத்தை முடித்ததும் சிஎம்ஒய்கேவுக்கு மாறி, அதற்குப் பிறகு எழுத்தை அடித்து, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று கொடுத்தால் போதும். பிடிஎஃப்பாகச் சேமித்தால் எழுத்து பிக்சலாக மாறாமல் வெக்டராகவே, அதாவது கோட்டு வடிவமாகவே போகும், ஓரம் மழுங்காது. ஏ4 அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகிற உபரி ஓரம்) சேர்த்து, 300 டிபிஐயில் 2551 × 3579 பிக்சல் வைத்துக்கொள்கிறேன்.

காசு கொடுக்க முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. படத்தை மட்டும் கிம்ப்பில் முடித்துவிட்டு, எழுத்தை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்து சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்கலாம். அதுவும் இலவசம்தான். ஒரு துண்டறிக்கைக்குத்தான் அப்படிச் செய்து பார்த்தேன், கறுப்பு சுத்தமாக வந்தது. முழு அட்டைக்கு அந்த வழியை நான் இன்னும் நம்பி இறங்கவில்லை.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் ஃபோட்டோஷாப்பில், ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் சேனல்ஸ் பேனலைத் திறந்து சயானை மட்டும் சொடுக்கிப் பாருங்கள். வெள்ளைப் பட்டை வெறுமையாகத் தெரிந்தால் ஃபைல் சரி. அங்கே சந்தா விவரத்தின் எழுத்து ஒன்று தெரிந்தாலும் அனுப்பாதீர்கள்.