ஏஜென்ட் எழுதும் பைதானைத் துடைத்துத் தரும் ரஃப்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டெலிவரி சலானும் பில்லும் போடும் மென்பொருளை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். பைதான் மொழி, வெப் பக்கத்துக்கு ஃபிளாஸ்க், டேட்டாபேஸோடு பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி. போன வருடத்திலிருந்து புதுக் கோடில் பெரும்பகுதியை ஏஐ ஏஜென்ட்தான் எழுதுகிறது. எழுதுவது ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயன்படாத இம்போர்ட்டுகள், காலி லிஸ்ட்டை டீஃபால்ட் மதிப்பாக வைப்பது, வெறும் ‘எக்ஸெப்ட்’ போட்டு எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடுவது என்று ஒரே மாதிரித் தப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. டிஃப், அதாவது மாறிய வரிகளின் பட்டியல், பார்க்க உட்கார்ந்தால் பாதி நேரம் இவற்றிலேயே போனது.

அதற்காகத்தான் ரஃப்பைப் போட்டேன். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பைதான் லின்டர், அதாவது கோடை ஓட்டாமலே படித்துத் தப்புகளைச் சுட்டும் கருவி. சார்லி மார்ஷ் 2022-இல் வெளியிட்டார்; ஆஸ்ட்ரல் நிறுவனத்தை அவர் பிறகுதான் தொடங்கினார். இலவசம், ஓப்பன் சோர்ஸ். முன்பு தப்பு பார்க்க ஃபிளேக்8, இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்த ஐசார்ட், கோடை ஒழுங்காக அடுக்க பிளாக் என்று தனித்தனியாக வைத்திருந்ததை எல்லாம் இது ஒன்றே செய்கிறது. 800-க்கு மேல் விதிகள் இருக்கின்றன. நிறுவியவுடன் எல்லாம் ஓடாது. நான் போட்டபோது ‘எஃப்’ வரிசையும் ‘ஈ’ வரிசையில் கொஞ்சமும்தான் இயங்கின. காலி லிஸ்ட் தப்பைப் பிடிக்கும் பி006 வேண்டுமென்றால் ‘பி’ வரிசையை நாமே சேர்க்கவேண்டும். வேகம் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ப்ராஜெக்ட் முழுவதையும் என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடித்துவிடுகிறது.

ஆனால் முதல் வாரம் நான் அதை வைத்த இடம் தப்பு. ஏஜென்ட் ஒரு ஃபைலைத் தொட்டவுடனே ரஃப் தானாக ஓடித் திருத்தும்படி ஒரு ஹூக் (தானாகக் கிளம்பும் கட்டளை) போட்டிருந்தேன். வரிக் கணக்குக்காக ஏஜென்ட் முதலில் ஃபைலின் தலையில், பைசா பிசகாமல் கணக்குப் போடும் டெசிமலை இம்போர்ட் செய்தது. அதைப் பயன்படுத்தும் வரி அடுத்த எடிட்டில்தான் வரவேண்டும். நடுவில் ஹூக் ஓடியது. யாருமே பயன்படுத்தாத இம்போர்ட் என்று அந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த எடிட் முடிந்ததும் டெசிமல் என்ற பெயரே அறிவிக்கப்படவில்லை என்று ரஃப்பின் எஃப்821 எச்சரிக்கை வந்தது. பல தடவை ஏஜென்ட் இம்போர்ட்டை மறுபடி சேர்த்துச் சமாளித்தது. ஒரு தடவை மட்டும், டெசிமலே வேண்டாம் என்று ஃப்ளோட்டுக்கு மாறிவிட்டது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும் ஃப்ளோட்! பில்லில் அது போயிருந்தால் பைசா உதைத்திருக்கும். நல்லவேளை, டிஃப்பில் கண்ணில் பட்டது.

அன்றைக்கே மாற்றினேன். எடிட்டுக்கு எடிட் ஓடும் ஹூக்கை எடுத்துவிட்டு, ஏஜென்ட் தன் வேலையை முடித்து நிற்கும்போது ஒரே ஒரு முறை ஓடும்படி வைத்தேன். இயந்திரம் திருத்தக்கூடியதை ரஃப்பே திருத்திவிடும். மிச்சம் இருப்பது ஏஜென்டிடம் செய்தியாகத் திரும்பும். வெறும் ‘எக்ஸெப்ட்’டுக்கு ரஃப்பில் தானியங்கித் திருத்தம் கிடையாது, அது சரியும்கூட. எந்தப் பிழையைப் பிடிக்கவேண்டும் என்பது கோடைப் படித்து முடிவு செய்யவேண்டிய விஷயம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பாதுகாப்பான திருத்தம் வேறு, ஆபத்தான திருத்தம் வேறு என்று ரஃப் பிரித்து வைத்திருப்பது. ரத்தாகாத சலான்களை எடுக்க எங்கள் கோடில் ‘ரத்து_தேதி == நன்’ என்ற மாதிரி ஒரு ஃபில்டர் இருந்தது (‘நன்’ என்பது மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் பைதானின் None). சாதாரண பைதானில் இதை ‘இஸ் நன்’ என்று எழுதச் சொல்வார்கள்; ஈ711 விதியும் அதையே சொல்கிறது. ஆனால் எஸ்க்யூஎல்ஆல்கெமியில் அந்த == தான் டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் நிபந்தனையாக மாறுகிறது. ‘இஸ்’ போட்டால் பைதான் அங்கேயே பொய் என்று முடிவு கட்டிவிடும், சலான் பட்டியல் காலியாக வந்து நிற்கும். ரஃப் இதைச் சுட்டிக்காட்டும், ஆனால் நாமாக அனுமதி தராமல் கை வைக்காது. அந்த அனுமதியை நான் தரவே இல்லை, ஏஜென்டும் தரக்கூடாது என்று அதற்கான குறிப்பு ஃபைலில் எழுதிவைத்தேன். ஃபில்டரை எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ‘இஸ்_’ மெத்தடுக்கு மாற்றிவிட்டேன், விதிக்கும் திருப்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருத்தச் சிரமமாக இருந்தால் ஏஜென்ட் வரியின் கடைசியில் ‘நோக்யூஏ’ கமென்ட் போட்டு எச்சரிக்கையின் வாயை அடைத்துவிடும். எனக்கு இரண்டு தடவை நடந்தது. இப்போது புதிதாக ஒரு நோக்யூஏ வந்தாலே கமிட்டை நிறுத்தும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். தேவையில்லாமல் பழசாகக் கிடக்கும் நோக்யூஏக்களை ரஃப்பின் ஆர்யூஎஃப்100 விதியே பிடித்துவிடும்.

ரஃப் டைப் சோதனை செய்யாது, அதற்கு வேறு கருவி வேண்டும். கணக்குத் தப்பும் அதற்குத் தெரியாது. ஏஜென்டை வைத்துப் பைதான் எழுதுகிறவர்கள் இன்றைக்கே போடலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் டிஃப் வெறும் பதினோரு வரிதான் இருந்தது. நிதானமாகப் படிக்க முடிந்ததால்தான், வரியை மொத்தத் தொகையில் ரவுண்ட் செய்யாமல் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாக ரவுண்ட் செய்திருந்தது தெரிந்தது. ரஃப் அந்த ஃபைலுக்கு எல்லாம் சரி என்றே சொல்லியிருந்தது. எது வேண்டும் என்று கம்பெனிக் கணக்கரிடம் போன் போட்டுக் கேட்டுத்தான் மாற்றினேன்.