உப்புக்காற்றில் ஓடும் பழைய ஓட்டோவின் ஹெட்லைற், பற்றரி வயரிங்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

இறக்கக்கண்டிக்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையோர மணற்பாதைகளில் பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோ ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். கரைவலைக்காரருக்கு வலையும் ஐஸ்பெட்டியும் ஏற்றிச் செல்வதே அதன் முக்கிய வேலை. விடியுமுன் புறப்பட வேண்டியிருப்பதாலும், புல்மோட்டை வீதியில் அந்த நேரத்தில் மாடுகள் படுத்திருப்பதாலும், ஹெட்லைற் சரியாக எரியாத நாளில் வண்டியை எடுக்கவே முடியாது. என்ஜினில் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் வயரிங் இடைவிடாமல் கவனிப்புக் கேட்கிறது. அதிலும் பற்றரியோ பல்ப்போ உண்மையான காரணமாக இருந்தது மிகவும் அரிது.

இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைற்றுக்கும் பற்றரிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. என்ஜின் சுழற்சியால் மின்சாரம் உண்டாக்கும் மக்னற்றோவில் பிறக்கும் ஆடலோட்டம் (ஏ.சி) றெகுலேற்றரால் மட்டுப்படுத்தப்பட்டு ஹெட்லைற்றுக்குப் போகிறது; நேரோட்டமாக (டி.சி) மாற்றப்படும் இன்னொரு பங்கு பற்றரிக்குச் சென்று ஹோர்ன், சிக்னல், பிரேக் லைற் ஆகியவற்றை இயக்குகிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை அறிய, என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைற் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எரியவில்லை, ஆனால் என்ஜின் ஓடும்போது எரிகிறது என்றால், அது மக்னற்றோவிலிருந்து நேராக எரிவது. அத்தகைய வண்டியில் அக்சிலேற்றரை முறுக்கும்போது வெளிச்சம் கூடுவதும் விடும்போது மங்குவதும் இயல்பே.

"அண்ணை, புதுப் பற்றரி போட்டும் லைற் மங்கலாத்தான் கிடக்கு" என்று குச்சவெளியில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டு வந்தபோது, நான் முதலில் அவிழ்த்தது ஹெட்லைற் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்த ஏர்த் ஆணியைத்தான் (மின்னோட்டம் வண்டியின் உலோகம் வழியாகத் திரும்பும் இணைப்பு அது). வளையத்தின் மேல் பச்சைக் களிம்பு தடிப்பாகப் படர்ந்திருந்தது. வயரின் உறையைக் கீறினால், ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்து, உருட்டும்போது தூளாக உதிர்ந்தது. இந்த நிலையிலுள்ள வயரையும் பல்ப்பைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீற்றரால் அளந்தால் முழு வோல்ற்றையே காட்டும், ஏனெனில் மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். 12 வோல்ற், 35 வாற் பல்ப் ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கிறது. அதன் பாதையில் அரை ஓம் தடை இருந்தாலே ஒன்றேகால் வோல்ற்றுக்கு மேல் வழியில் தொலைகிறது; இழை பல்ப்பின் வெளிச்சம் வோல்ற் குறைவதைவிட வேகமாகக் குறைவதால், கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகிறது.

ஆகவே சுமையோடுதான் அளக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைற்றை எரியவைத்து, மீற்றரை ஆடலோட்ட வீச்சில் வைத்து, ஒரு முனையை என்ஜினின் வெற்று உலோகத்திலும் மற்றதைப் பல்ப்பின் ஏர்த் வயரிலும் பிடிக்க வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த்தில் கோளாறு உண்டு. என்ஜின் இறப்பர் தாங்கிகளின் மேல் இருப்பதால் என்ஜினுக்கும் சேசிசுக்கும் (வண்டியின் சட்டகத்துக்கும்) இடையே தனி ஏர்த் வயர் இருக்க வேண்டும்; சேறும் மணலும் படும் இடம் என்பதால் இதுவே முதலில் கெடுகிறது. அந்த வயரை மாற்றியதும், ஆணி படும் இடத்தைப் பெயின்ற் போகச் சுரண்டி வசலின் பூசியதும் என் வண்டிக்கு நான் செய்த மிகப் பயனுள்ள வேலைகள்.

பற்றரியைப் பொறுத்தவரை அளவுகள் எளியவை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும், 12.0 என்றால் பெரும்பாலும் இறங்கிவிட்டது. வண்டி ஓடும்போது 14 வோல்ற்றை அண்டி வராவிட்டால், பற்றரிக்குப் பணம் கொடுக்குமுன் பியூஸ் தாங்கியையும் றெகுலேற்றரின் ஏர்த்தையும் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் றெகுலேற்றரைச் சந்தேகிக்கலாம். பற்றரித் தண்ணீர் வேகமாகக் குறைவதும் பல்ப்புகள் அடிக்கடி போவதும் அதே குறையின் அடையாளங்கள். முனைகளில் பூக்கும் வெண்தூளுக்கு அப்பச்சோடாக் கரைசல் போதும். கழற்றும்போது மறை (−) முனையை முதலில் கழற்றுங்கள்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் ஒரு மாரிக்குக்கூடத் தாங்குவதில்லை. ஈயம் வைத்த இணைப்புகள், குலுக்கலில், ஈயம் முடியும் இடத்தில் முறிகின்றன. நன்றாக நெரித்துப் பிடித்த முனைகளுக்கு மேல், சூடேற்றினால் சுருங்கும் குழாயைப் போட்டவையே எனக்கு நீடித்து உழைத்திருக்கின்றன.

எல்.ஈ.டி பல்ப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். ஆடலோட்ட இணைப்பில் அதை அப்படியே போட்டால், என்ஜின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் துடிக்கிறது. ஹெட்லைற்றையும் பற்றரிப் பக்கத்துக்கு மாற்றினால்தான் அது நிதானமாக எரியும். அதற்கு ஏற்ற றெகுலேற்றரும் சில வண்டிகளில் மக்னற்றோக் கொயில் மாற்றமும் தேவைப்படும் என்பதால், வயரிங் முழுவதையும் புதிதாக இழுக்க எண்ணியிருப்பவர்கள் அந்த வேலையோடு சேர்த்தே இதைச் செய்வது நல்லது.