எஸ்ஏசிடியா, சாதா சிடியா?

சாதா சிடியில் ஒலியை அளந்தெடுத்த மாதிரிகள் நொடிக்கு 44,100, ஒவ்வொன்றும் 16 பிட். 1999-ல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த எஸ்ஏசிடியில் (சூப்பர் ஆடியோ சிடி) ஒரு பிட் மாதிரிகள், நொடிக்கு 28,22,400. கணக்குப்படி எஸ்ஏசிடி எங்கேயோ இருக்கிறது. காதுக்கு? 2007-ல் வெளியான மேயர், மோரன் ஆய்வில் எஸ்ஏசிடி ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி, அசலோடு ஒப்பிட்டுக் கேட்க வைத்தார்கள்; வழக்கமான சத்த அளவில் யாராலும் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை.

அப்புறம் ஏன் பல எஸ்ஏசிடிகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன? மாஸ்டரிங்தான், அதாவது வட்டில் போடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிப்படுத்தும் வேலை. சிடிக்குப் பலமுறை சத்தத்தை ஏற்றி ஏற்றி, டிரம்ஸ் அடியின் கூர்மையையே மழுக்கிவிடுகிறார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிடுகிறது. எஸ்ஏசிடிக்கு அந்த அவசரம் இல்லை.

சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 சரவுண்ட் வேண்டுமா, அது உள்ள எஸ்ஏசிடியாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீரியோ போதுமென்றால், சத்தம் ஏற்றாத பழைய சிடி பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.